விழுந்த அடி

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டுத்தான் ஜெயக்கொடி உட்கார்ந்தாள். முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழைய இடமிருக்கக் கூடாது. பன்னிரண்டு நாள் விடுப்பு முடிந்து இன்றைக்குத்தான் டூட்டி. பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவின் அட்மிஷன் அறை, அதே மேசை, அதே பச்சைச் சுவர், அதே பினாயில் வாடை. எச்சிலை விழுங்கினால் மட்டும் தொண்டைக்குள் மீன் முள் மாதிரி ஒன்று குறுக்கே நின்றது. முள் இல்லை, விரல். ஆளைப் பிரித்துவிட்டார்கள், விரல் போகவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது கழுத்தில் விரல் தடம் முதல் நாள் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது, பிறகு பச்சை, இப்போது மஞ்சள், பவுடர் போட்டால் தெரியாது, போட்டிருக்கிறாள். வார்டு ஆள் பூல்பாண்டி கதவோரம் நின்றபடி, "யக்கா, பயப்படாதீங்க, நான் இங்கனதான் நிக்கேன்" என்றான். அன்றைக்கும் இங்கனதான் நின்றான். நல்லவன், பொய் சொல்லத் தெரியாதவன், ஆனால் ஒரு கழுத்து நெரிபட எவ்வளவு நேரம் ஆகிவிடும், கதவோரத்திலிருந்து மருந்து அறைக்கு எட்டு எட்டுத் தூரம், அதற்குள் உலகம் கறுத்துவிட்டது அவளுக்கு. மேசைமேல் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் ஒரு தாள் படபடத்தது. ஆபீசில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். பணியிலிருந்த செவிலியரை நோயாளி அபினேஷ், வயது இருபது, எவ்விதக் காரணமுமின்றித் தாக்கி, கழுத்தை நெரித்து. கீழே கோடு. கோட்டில் கையெழுத்து மட்டும் பாக்கி. ஒரு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். இப்போது பத்தே கால். கையெழுத்துப் போட எவ்வளவு நேரம், பேனாவைத் திறந்தால் முடிந்தது. பேனாவைத் திறந்தாள், மூடினாள், "முதல் ஆள அனுப்பு பாண்டி" என்றாள்.

முதலில் வந்தது ஒரு பெண், பதினாறு வயது, அப்பாவோடு. அப்பா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்த வெயிலில் மணிக்கட்டு தாண்டி விரல்வரை இழுத்துவிட்ட முழுக்கைச் சட்டை, கேட்கவே வேண்டாம். கையை நீட்டச் சொன்னாள். நீட்டவில்லை. "ஒண்ணும் இல்ல சிஸ்டர், படிக்க மாட்டேங்கா, அவ்வளவுதான்" என்றார் அப்பா. சட்டையை மெல்ல மேலே தள்ளினால் ஏணிப்படி மாதிரி அடுக்கடுக்காகக் கோடுகள், பழையது வெள்ளையாக, புதியது சிவப்பாக, அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த வாரத்தில் ஐந்தாவது கை என்று நோட்டைப் பார்த்தால் தெரிகிறது. இப்போது இப்படித்தான் வருகிறார்கள். வண்டியில் நடுவில் உட்கார்ந்து வருகிறார்கள், முன்னால் மாமா பின்னால் அம்மா, கையில் போன். பரீட்சை முடிவு வந்த வாரம் ஒரு கூட்டம், பண்டிகை முடிந்த திங்கட்கிழமை குடியை விட்டுக் கை நடுங்கி ஒரு கூட்டம், மாத்திரையைப் பொடித்து ஊசியில் ஏற்றி முழங்கை மடிப்பெல்லாம் கன்றிப்போன பையன்கள், பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள் பிள்ளையைத் தூக்கிக் கிணற்றுக்குள் எறியச் சொல்லுது என்று சொல்லும் பெண்கள். பத்து நாள் படுப்பார்கள், போவார்கள், மூன்றாம் மாதம் அதே முகம் அதே வாசலில் நிற்கும். அந்தக் காலத்தில், அவள் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூற்றேழில், ஒருத்தர் வந்தால் வந்ததுதான். நாற்பது வயசு ஆம்பிளைகள் வருவார்கள், கோயிலிலும் தர்காவிலும் வருஷக்கணக்கில் கட்டிக்கிடந்து, இனி ஆகாது என்று ஆனபிறகு, கயிற்றோடு வருவார்கள், சங்கிலியோடு வருவார்கள். கூட வந்தவன் ஒரு விலாசம் எழுதிக் கொடுப்பான், அந்த ஊரே இருக்காது. அடைத்த கதவு அடைத்தபடி. தளவாய் அப்படித்தான் வந்தான்.

தளவாயின் கணுக்காலில் சங்கிலி சதைக்குள் இறங்கியிருந்தது. இரும்பு எங்கே முடிகிறது, எலும்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை, வெட்டி எடுத்தபோது புழு கொட்டியது, இவளுக்கு இருபத்தாறு வயசு, ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். மேட்ரன் அன்னப்பாக்கியம் தலையில் தட்டி உள்ளே கூட்டிவந்தார். அந்தம்மாவுக்குப் பெரிய கை, ரொட்டி தட்டுகிற கை மாதிரி. தளவாய் மாத்திரையைத் துப்பினான், மேட்ரன் ஓங்கி ஒன்று விட்டார், சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது, தளவாய் விழுங்கினான். "பாத்தியாட்டீ? இங்க மொத அடி நம்ம அடியா இருக்கணும். அவன் கை ஓங்கதுக்கு முன்ன நம்ம கை எறங்கிரணும். எறங்கலன்னு வையி, உன்னத் தூக்கித்தான் கொண்டுபோவணும்." இரக்கமில்லாத பொம்பளையா என்றால் இல்லை, தளவாயின் புண்ணைத் தினமும் தன் கையால் கழுவிவிட்டவர் அவர்தான், அந்தக் கைதான், இரண்டும் ஒரே கை. மூன்றாம் நாள் ஜெயக்கொடியும் அடித்தாள். உள்ளங்கை எரிந்தது, அந்த எரிச்சலுக்குள் ஒரு நிம்மதி இருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை, ஜெபத்தில்கூடச் சொன்னதில்லை. தளவாய் திருப்பி அடிக்கவில்லை. அவர்கள் யாருமே திருப்பி அடித்ததில்லை. இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். பிறகு பத்து வருஷம் தளவாய் அங்கேயே கிடந்தான், இவள் கொண்டையில் ஊசி செருகக் கையைத் தூக்கினால்கூடத் தலையை மூடிக்கொள்வான், இவள் சிரிப்பாள், ஏ தளவாய், முடியத்தான் தொட்டேன், பயந்தாங்குளி. சிரித்திருக்கிறாள். அவன் செத்த அன்றுகூட அதைப் பற்றி நினைக்கவில்லை. இப்போது எதற்கு நினைக்கிறாய், அந்தப் பிள்ளையின் கையைப் பார், புதிய கோட்டில் சீழ் வைத்திருக்கிறது. பஞ்சை நனைத்துத் துடைத்தாள். "எரியுதாம்மா?" என்றாள். அந்தப் பிள்ளை, இல்லை என்று தலையாட்டியது. எரியாமலா இருக்கும்.

பத்து நாற்பது. விழுங்கினாள், முள் நின்றது. அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும், ஸ்டேஷனிலிருந்து வருகிறவர் கேட்பார், ஒழுங்காகச் சொல்ல வேண்டும். மருந்து அறை. அவன் கை வந்தது. கழுத்து. இல்லை, அதற்கு முன்னால். மருந்து அறைக்குள் அவன் வந்தான், மெலிந்த பையன், பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் பாதியில் நின்றவன், மாத்திரை போட்டுப் போட்டு ஏதோ குரல்கள் கேட்க ஆரம்பித்தவன், வந்து நின்றான், கை வந்தது, கழுத்து. ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் படம் தாவுகிறது. பழைய கேசட்டில் பாட்டு நடுவில் அறுந்து ஒட்டினால் ஒரு சொல் விழுங்கப்படுமே, அப்படி. பன்னிரண்டு நாள் வீட்டில் படுத்துக்கொண்டு ஓட்டி ஓட்டிப் பார்த்தாள், அந்த ஒரு சொல்லைத் தவிர எல்லாம் இருந்தது. அவன் நகத்தில் அழுக்கு இருந்தது. அவன் வாயில் நெல்லிக்காய் வாசனை வந்தது. "ஆன்ட்டி" என்று கூப்பிட்டான், அவளை அந்த வார்டில் ஆன்ட்டி என்று கூப்பிட்டவன் அவன் ஒருத்தன்தான். "ஆன்ட்டி, ஒரே ஒரு நிமிசம் போன் தாங்க, அம்மாட்ட பேசிட்டுத் தாரேன்." காலையிலிருந்து எத்தனையாவது தடவை, அன்றைக்குப் பதினோரு அட்மிஷன், ஒரு குடிகாரன் இவள் சேலையில் வாந்தி எடுத்திருந்தான், மதியம் சாப்பிடவில்லை, பின்னாலிருந்து தோளைத் தொட்டான். தொடத்தான் செய்தான். நேற்று முன்தினம் வீட்டில் கணவர் தங்கதுரை அப்படித்தான் பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டார், கொதிக்கிற டீயை அவர் நெஞ்சில் வீசிவிட்டாள், பனியனோடு தோல் உரிந்து வந்தது, அவர் அலறவில்லை, "சரி சரி, நான்தாம்ட்டீ" என்றார். பாவம். தோளைத் தொட்டான். திரும்பினாள். திரும்பினாள், அப்புறம், அப்புறம் ஒரு சத்தம். ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி. அது என்ன சத்தம் ஜெயக்கொடி? வேண்டாம். அது அவன் கை வருவதற்கு முன்னால் வந்த சத்தம். அவன் தலையை மூடிக்கொள்வான் என்று காத்திருந்தாள். ஒரு நொடி நின்று காத்திருந்தாள், இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தில். அவன் மூடவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் மூடுவதில்லை. கண்ணை விரித்துப் பார்த்தான், கன்னத்தில் நாலு விரலும் சிவப்பாக எழும்பி வந்தது, "அடிச்சிட்டீங்க" என்றான், ஆச்சரியமாகத்தான் சொன்னான், அதற்குப் பிறகுதான் கை வந்தது. மருந்து அறைக்குள் காமிரா கிடையாது.

டாக்டர் நஸ்ரீன் பதினோரு மணிக்கு வந்தார். சின்ன வயசு, இவள் மகள் வயசு, கையில் லேப்டாப்பைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு. "சிஸ்டர், வந்துட்டீங்களா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் திரையைத் திருப்பினார். நம் வார்டின் இருபது வருஷ அட்மிஷனை ஆராய்ச்சிக்காகப் படமாகப் போட்டிருக்கிறார். நீலக் கட்டை, ஆரஞ்சுக் கட்டை. "பாருங்க சிஸ்டர், இந்த ஆரஞ்சு எல்லாம் இருபத்தஞ்சு வயசுக்குக் கீழ. அப்ப எவ்வளவு குட்டையா இருந்துச்சு, இப்ப பாருங்க. படுக்கிற நாள் குறைஞ்சிருச்சு, திரும்பி வர்றது கூடிருச்சு. ஆளுங்களே மாறிட்டாங்க." ஆமாம் டாக்டர் என்றாள். ஆட்கள் மாறிவிட்டார்கள். கட்டைகள் வளர்ந்துகொண்டே போகின்றன, நிழல் மாதிரி, ஒவ்வொரு கட்டைக்குள்ளும் எத்தனை கன்னம், அதை எந்த நிறத்தில் போடுவீர்கள். "அந்தக் கம்ப்ளெய்ன்ட்ல கையெழுத்துப் போட்டிருங்க சிஸ்டர். எனக்கும் அந்தப் பையனப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. ஆனா இன்னைக்கு விட்டா நாளைக்கு இன்னொரு சிஸ்டர் கழுத்து." சொன்னது நியாயம். நியாயமான வார்த்தை ஒவ்வொன்றும் தொண்டையில் போய் நிற்கிறது. "அந்தப் பையன் என்ன சொல்லுதான் டாக்டர்?" என்று கேட்டாள், குரல் கீச்சென்று வந்தது. "அவன் சொல்றதெல்லாம் எங்க எடுக்கிறது? குரல் கேக்குதுங்கிறான், அடிச்சாங்கங்கிறான், எல்லாம் கலந்துதான் சொல்லுவான்" என்றார் டாக்டர். பைத்தியம் சொன்னால் யார் நம்புவார்கள். எவ்வளவு பத்திரமாக இருக்கிறாள் அவள்.

வாசலில் சத்தம். நாலு பேர் ஒருத்தனைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள், முப்பது வயசு இருக்கும், லாரி டிரைவர் என்றான் அண்ணன்காரன், இரண்டு நாளாகத் தூக்கமில்லை, பெண்டாட்டியின் பல்லை உடைத்திருக்கிறான். சட்டை கிழிந்து தொங்க, அவன் தலையால் முட்டினான், பூல்பாண்டியின் மூக்கு உடைந்து ரத்தம் மேசைமேல் தெறித்தது, ஸ்டூல் பறந்து போய்க் கண்ணாடி அலமாரி சில்லுச் சில்லாகக் கொட்டியது. முழுக்கைச் சட்டைப் பெண் மூலையில் குந்தி அலறினாள். ஜெயக்கொடி எழுந்தாள். கழுத்து எரிகிறது, ஓடு என்கிறது ஒன்று, ஓடவில்லை, கை மேலே போய்விட்டது. தானாகப் போய்விட்டது. விரல்கள் சேர்ந்து, உள்ளங்கை விரிந்து, காதுக்கு மேலே, அவள் கேட்காமலே, மாடு பாதை தெரிந்து வீட்டுக்குப் போகிற மாதிரி. உள்ளே ஒரு குதூகலம், ஆமாம் குதூகலம், வெட்கமில்லாமல், இறக்கு இறக்கு என்றது. அவன் அவள் கையைப் பார்த்தான். ரத்தச் சிவப்பான கண், நேராகக் கையைப் பார்த்தது. "அடி. அடிடீ பாப்பம்" என்றான். அந்தக் கையைக் கீழே கொண்டுவர அவள் பட்ட பாடு, பாறாங்கல்லைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிற மாதிரி, அங்குலம் அங்குலமாக. "ஒக்காருய்யா" என்றாள். "ஒன்ன யாரும் அடிக்கல. ஒக்காரு." டாக்டர் ஊசியோடு வந்தார், நாலு பேர் அமுக்கினார்கள், அரைமணியில் கண் சொருகினான். நெற்றி வியர்வையை அவள் துடைத்துவிட்டாள். கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, அடிக்காததனால் ஆடியது.

பன்னிரண்டு ஆயிற்று. கண்ணாடியைப் பெருக்கிவிட்டு, மூக்கில் பஞ்சோடு பூல்பாண்டி வந்து, "யக்கா, அந்த அபினேஷ் அம்மா. காலைலருந்து நிக்கா. ஒங்களப் பாக்கணுமாம்" என்றான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் உள்ளே வந்துவிட்டாள். சுடலைவடிவு, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், சேலையில் சாம்பார் வாசனை. உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"சிஸ்டர், கழுத்து எப்படி இருக்கு?"

"பரவால்லம்மா."

"ஒங்க கால்ல விழுந்து கேக்கத்தான் வந்தேன். கேஸ் வேண்டாம்னு கேக்க வரல. அவன் செஞ்சது தப்பு, நீங்க என்ன செய்யணுமோ செய்ங்க. நான் வேற ஒண்ணுக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன்." முந்தானையைக் கையில் சுற்றினாள், பிரித்தாள். "அவன் ஒங்களப் பத்திப் பொய் சொல்லிட்டுத் திரியுதான். உள் வார்டுல கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, யம்மா, அந்த ஆன்ட்டிதான் மொதல்ல அடிச்சாங்கங்கான். எனக்குக் கோவம் வந்துட்டு. சோறு ஊட்டுத சிஸ்டர அப்படிச் சொல்லலாமான்னு, கம்பிக்குள்ள கைய விட்டு வாயிலயே ஒண்ணு போட்டேன். உதடு கிழிஞ்சிட்டு. இனிமே அப்படிச் சொல்ல மாட்டான். நீங்க மனசுல வச்சுக்கிடாதீங்க."

உதடு கிழிந்துவிட்டது. ஜெயக்கொடி அடித்த அடி அங்கே நிற்கவில்லை, போய்க்கொண்டே இருக்கிறது. கன்னத்திலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து டீக் கோப்பைக்கு, தங்கதுரையின் நெஞ்சுக்கு, இந்தப் பெண்ணின் கைக்கு, திரும்ப அவன் வாய்க்கு. நிறுத்து. யார் நிறுத்துவது? சொல்லாவிட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம், மாலை போட்டு அனுப்புவார்கள். சொன்னால் மெமோ, விசாரணை, சர்ச்சில் பேச்சு. அவன் உண்மை சொன்னான், பெற்ற அம்மாவே வாயை உடைத்தாள், இனி அவன் எந்தக் குரலை நம்புவான், உள்ளே கேட்கிற குரலைத்தான் நம்புவான்.

"அவன் பொய் சொல்லலம்மா" என்றாள்.

"என்ன சிஸ்டர்?"

"நான்தான் மொதல்ல அடிச்சேன். போன் கேட்டான். தோளத் தொட்டான். கன்னத்துல அடிச்சிட்டேன். அதுக்கப்புறந்தான் அவன்."

பஞ்சு வைத்த மூக்கோடு பூல்பாண்டி திரும்பிப் பார்த்தான். சுடலைவடிவு அசையவில்லை. அவள் கை முந்தானையை விட்டுவிட்டது, அதை ஜெயக்கொடி பார்த்தாள். அந்தக் கை இப்போது வரும், வரட்டும், தலையை மூடப் போவதில்லை என்று கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். வரவில்லை. சுடலைவடிவு மேசைமேல் இருந்த தாளைக் காட்டினாள்.

"இது என்னது?"

"போலீசுக்குக் குடுக்கதுக்கு."

"இதுல இருக்கா, நீங்க சொன்னது?"

"இல்ல."

"எழுதுங்க."

பேனாவைத் திறந்தாள். தட்டச்சு வரிகளின்மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்துவிட்டு, பின்பக்கத்தில் எழுதினாள். இருபத்தெட்டு வருஷமாகக் கேஸ் ஷீட்டில் எழுதிப் பழகிய கையெழுத்து, வேகமாக ஓடியது. எழுதி முடித்தாள்.

"எனக்கு வாசிக்க வராது. வாசிங்க" என்றாள் சுடலைவடிவு.

ஜெயக்கொடி வாசித்தாள். "மருந்து அறையில் ஏற்பட்ட வாக்குவாதத்தின்போது நோயாளியின் கன்னத்தில் ஒரு அடி விழுந்தது. அதைத் தொடர்ந்து..."

"நில்லுங்க. விழுந்துச்சா?"

"ஆமா..."

"மழையா சிஸ்டர், தானா விழுறதுக்கு? யாரு அடிச்சா? அது அதுல இல்லியே."

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முழுக்கைச் சட்டைப் பெண்ணும் பார்த்தாள். ஜெயக்கொடி அந்த வரியை அடித்தாள். நான் என்று எழுதியபோது பேனா தாளைக் கிழித்தது. நான், செவிலியர் ஜெயக்கொடி, அபினேஷை அடித்தேன். அவன் என்னை அதற்கு முன் அடிக்கவில்லை. சத்தமாக வாசித்தாள், தொண்டை வலித்தது. கையெழுத்துப் போட்டாள்.

டாக்டர் நஸ்ரீன் அதை இரண்டு தடவை வாசித்தார். "சிஸ்டர்..." என்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு மணிக்கு வந்த போலீஸ்காரரிடம் வழக்கு இல்லை என்று அவரே சொல்லி அனுப்பினார். மெமோ நாளைக்கு வரும் சிஸ்டர், எனக்கு வேற வழி இல்ல என்றார். வரட்டும் டாக்டர் என்றாள். தாளை ஆபீசுக்கு எடுத்துப் போக டாக்டர் கை நீட்டினார், அதற்குள் சுடலைவடிவு அதை எடுத்துக்கொண்டாள். "மொதல்ல அவன் கேக்கட்டும். நீங்க வாங்க" என்றாள் ஜெயக்கொடியைப் பார்த்து.

வராந்தா நீளம். போகாதே என்று இவள் கழுத்து சொன்னது, அந்த விரல்கள் கம்பிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. சுடலைவடிவு திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். அபினேஷ் கம்பியருகே குந்தியிருந்தான். மருந்தில் முகம் ஊதியிருந்தது, கீழுதட்டில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. எழுந்தான். ஜெயக்கொடி இரண்டு எட்டு தள்ளியே நின்று வாசித்தாள், முழுவதும், தடுமாறாமல். நான் அடித்தேன் என்ற இடத்தில் அவனைப் பார்த்து வாசித்தாள். அவன் இவளைப் பார்க்கவில்லை. வாசித்து முடிக்கும்வரை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாஞ் சொன்னேன்லம்மா" என்றான்.

சுடலைவடிவு கம்பியருகே வந்தாள். கம்பிக்குள் கையை விட்டாள், அவன் உதட்டைத் தொட. அவன் ஓர் எட்டு பின்னால் போனான்.